தோல் சுருங்காமல் இருக்க மாத்திரை, பவுடர் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

கோடைமழை:
தோல், முடி, நகம் மூன்றுக்கும் ஒரே மாத்திரை என்று விற்பார்களே, அதுதான். நாலு மாதம் விடாமல் போட்டேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் டி4 உச்சத்தில், தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதுபோல. தைராய்டுக்கு மருந்தெழுதப் பேனாவை எடுத்த டாக்டர், என் கையை நீட்டச் சொன்னார். தைராய்டு கூடினால் கை நடுங்கும், நாடி எகிறுமாம். எனக்கு நடுக்கம் இல்லை. நாடி 72. பேனாவை மூடிவிட்டார்.

"வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"மாத்திரை எதுவும் இல்லை டாக்டர், சும்மா வைட்டமின்தான்."

அதில் இருந்தது பயோட்டின் என்ற பி வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 போதுமாம். சில பரிசோதனை முறைகளே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகின்றன, ரத்தத்தில் அது அதிகமானால் கணக்கு தப்பிவிடும். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது எல்லாம் சரி. அந்தப் பேனா மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம்மாடி:
எனக்குக் கொலாஜன் பவுடர், தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம். தினம் 10 கிராம், 12 வாரம். "முகம் பளிச்சென்று இருக்கே" என்றாள் அக்கா. பவுடர் தீர்ந்து அப்போது இரண்டு மாதம். நடுவில் இரவு வேலையிலிருந்து பகலுக்கு மாறியிருந்தேன். எதை நம்புவது?

நூல்கண்டு:
தூக்கத்தை நம்புங்கள். கொலாஜன் வயிற்றிலேயே செரித்துவிடும்.

மூன்றாம்மாடி:
முழுக்க இல்லை. பெப்டைடுகள் என்ற சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் ரத்தத்தில் சேர்வதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

நூல்கண்டு:
சரி, ரத்தம்வரை வந்தது. அப்புறம்? 2025இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்தால் ஈரப்பதம், சுருக்கம் எல்லாமே தேவலை. கம்பெனி பணம் இல்லாத ஆய்வுகளை மட்டும் பிரித்தால் பலன் காணோம். என் கதை சின்னது: மீன் கொலாஜன், மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. அந்தக் காசுக்குச் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். ஜன்னலோரம் உட்காருபவரா? வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும், வீட்டுக்குள்ளும் பூசுங்கள். கழுத்தை மறக்காதீர்கள். புறங்கையையும். இரண்டு மணிக்கொரு தடவை...

கோடைமழை:
யாரும் கேட்கவில்லையே ஐயா.

செம்பருத்தி:
நான் சாப்பிட்டது பீட்டா கரோட்டின் மாத்திரை, கேரட்டுக்கு நிறம் தரும் சத்து. உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது, காமாலை என்று பயந்து ஓடினேன். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்ததால் டாக்டர் சிரித்தார். "வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா?" அப்பா, என்றேன். "புகைப்பாரா?" ஆமாம் என்றதும் சிரிப்பு நின்றது. 1994இல் ஃபின்லாந்தில் புகைப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்ததாம். அன்றே பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். "நீதானேம்மா கொடுத்தே" என்றார் அப்பா.