தூத்துக்குடியை வளர்த்தது ஹார்வி குடும்பமா?

முத்துநகர்வாசி:
ஹார்வி சகோதரர்கள் மட்டும் வராவிட்டால் தூத்துக்குடி இன்றைக்கும் மீன்பிடிக் குப்பம்தான் என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்று இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள், 1880களில் நூல் மில் கட்டினார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஊர் வளர்ந்தது அவர்களாலா, இல்லை வளர்கிற ஊரைப் பார்த்து அவர்கள் வந்தார்களா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
பார்த்துத்தான் வந்தார்கள். முத்துக்காகப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்ட துறைமுகத்தைக் குப்பம் என்று சொல்வதே அநியாயம். நகராட்சி 1866லேயே வந்தாச்சு, ரயில் 1876ல். அதற்கெல்லாம் முன்னாடி 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்து, அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் போன பஞ்சு நின்றுபோக, எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது. லிவர்பூல் சந்தையில் ‘தின்னவேலி’ என்றே ஒரு பஞ்சு ரகம் இருந்தது. அந்தப் பொதிகள் கப்பலேறிய ஊர் இது, ஹார்விகள் வந்ததும் அந்தப் பருத்தியை நம்பித்தான்.

வி.கே.புரத்துக்காரி:
எல்லாரும் எங்கள் ஊரை மறந்துவிட்டீர்களே! அவர்கள் முதல் மில் போட்டது தூத்துக்குடியில் இல்லை, பாபநாசத்துக்குக் கீழே விக்கிரமசிங்கபுரத்தில். தாமிரபரணி மலையிலிருந்து விழுகிற வேகத்திலேயே இயந்திரத்தை ஓட்டிவிடலாம், நிலக்கரிக்குக் காசு கொட்ட வேண்டாம் என்பதுதான் கணக்கு. ஆனால் அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் வந்ததே 1900க்கு அப்புறம், அதுவரைக்கும் பஞ்சுப் பொதி திருநெல்வேலியிலிருந்து மாட்டு வண்டியில் வர வேண்டும். எங்கள் ஊர் மில்லுக்குப் பிறகுதான் தூத்துக்குடியில் கோரல் மில், 1892ல் மதுரை மில். ஹார்வி இல்லாவிட்டாலும் தூத்துக்குடிக்குக் கடல் இருந்தது, பிழைத்திருக்கும். எங்கள் ஊருக்கு மில் சங்குதான் கடிகாரம். குடும்பம் வளர்த்த ஊர் என்று சொல்வதானால் எங்களைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தோணித்துறை:
மில்லை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் அண்ணாச்சி. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு இங்கே ஏஜெண்டும் இதே ஹார்விகள்தான். பருத்தி வாங்குவது, நூற்பது, கப்பலில் ஏற்றுவது எல்லாம் ஒரே கையில் இருந்தால் ஊரில் யார் பேச்சு எடுபடும்? அதே சமயம் கரையோரம் ஆழம் கிடையாது, பெரிய கப்பல் பல மைல் தள்ளித்தான் நிற்கும், ஒவ்வொரு மூட்டையையும் தோணியில் கொண்டுபோய்ச் சேர்த்தது நம்ம கடற்கரை ஜனங்கள். அவர்கள் பெயரில் ஒரு தெருகூட என் கண்ணில் பட்டதில்லை. வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் விட்டது அந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துத்தான், 1908ல் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்ததும் இந்தக் குடும்பத்தின் மில்லில்தான். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள், பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. வாரத்தில் ஒரு நாள் லீவுக்கே வேலையை நிறுத்த வேண்டியிருந்தது என்றால் ‘வளர்த்தார்கள்’ என்பதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம்.

கரிசல்காட்டான்:
அதெல்லாம் சரி, ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ரயிலில் வந்து இங்கிருந்து கப்பலில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் கூட்டம், 1914ல் தனுஷ்கோடி வழி திறந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டது. கோரல் மில் போகவில்லை. அந்த அளவுக்கு ஹார்விக்கு மார்க் போடலாம், அதற்கு மேல் கிடையாது.