புதுப்பிப்பு: மகளுக்கு 'எழில்' என்றே பெயர் வைத்துவிட்டோம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் 'எழில்' என்ற பெயர் சிங்கப்பூரில் சரிவருமா என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி, பெயரைச் சொல்லாமல் சீன நண்பர்களிடம் வாசிக்கக் கொடுக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. ழகரத்துக்கு இசட்-எச் போட்டால் ஹன்யூ பின்யின் (சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) பழக்கத்தில் 'எஜில்' என்கிறார்கள். அதற்குப் பதில் எல் போட்டால் 'எலில்'. அதைக் கேட்டதும் மாமியார், "பிள்ளைக்கு எலின்னா பேரு?" என்று எழுந்தே போய்விட்டார். எஜில் எவ்வளவோ மேல்! இசட்-எச்சே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு, அவசரப்படவில்லை. அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியிலேயே பதிந்தாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: பெயருக்குப் பின் 'டி/ஓ' (டாட்டர் ஆஃப், அதாவது இன்னாரின் மகள்) சேர்க்காமல் விட்டோம். அது இருந்தால்தான் பெண் என்று தெரியும் போல, கிளினிக்கில் பெயரைப் பார்த்துவிட்டு "பாய் ஆர் கேர்ள்?" என்று கேட்கிறார்கள். அப்புறம், தாத்தா இப்போதே 'எழிலு' ஆக்கிவிட்டார்.