நானோ எலும்புத் தூள்: வைத்த பிறகு அது என்ன ஆகும்?

நிலா_கேள்வி:
அம்மாவுக்குப் பல் பதிக்கத் தாடை எலும்பு போதவில்லை, போன் கிராஃப்ட் (எலும்பு வளர வைக்கும் நிரப்பு) வைக்க வேண்டும் என்கிறார்கள். நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்டாம். நம் எலும்பில் இருப்பதும் அதே கால்சியம் பாஸ்பேட்தானே, அப்புறம் நானோ எதற்கு? உள்ளே வைத்தது கரையுமா, இல்லை கல் மாதிரி அப்படியே கிடக்குமா?

கனிமன்:
எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம்தான், ஆனால் அது சில நானோமீட்டர் தடிமனே உள்ள தகடுகளாகக் கொலாஜன் என்ற புரத இழைகளுக்குள் செருகியிருக்கிறது, அதிலும் கொஞ்சம் கார்பனேட், மெக்னீசியம் எல்லாம் கலந்து ஒழுங்கு குலைந்த படிகமாக இருப்பதால்தான் செல்களால் அதை எளிதாகக் கரைக்க முடிகிறது. அதிக வெப்பத்தில் சுட்டெடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட் அப்படியில்லை. பெரிய, நேர்த்தியான படிகம். பல வருடங்கள் கழித்தும் அப்படியே இருக்கும். துகள் சிறிதானால் மேற்பரப்பு கூடும், புரதங்கள் அதிகம் ஒட்டும், அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் எலும்பு கட்டும் செல்கள் வந்து உட்காரும். கரைவதும் வேகமாகும். ஆனால் புது எலும்பு வளரும் முன்பே கரைந்துவிட்டால் அந்த இடம் வெற்றிடம்தான், அதனால் வேகமாகக் கரையும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் மெல்லக் கரையும் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் கலந்து செய்வார்கள்.

சிலிக்கா_ரசிகை:
இதோடு பயோகிளாஸையும் சொல்ல வேண்டும். 1969இல் லாரி ஹென்ச் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கண்ணாடி, 45% சிலிக்கா. உடல் திரவம் பட்டதும் அதன் மேல் எலும்புக் கனிமம் போன்ற அபடைட் படலம் தானாகவே படிந்து எலும்போடு ஒட்டிக்கொள்கிறது, எனக்கு இன்றும் வியப்புதான். லாப்போனைட் என்ற செயற்கைக் களிமண்ணும் உண்டு: 1 நானோமீட்டர் தடிமன், சுமார் 25 நானோமீட்டர் அகலம். அது மெல்லச் சிதையும்போது மெக்னீசியம், லித்தியம், சிலிக்கான் வெளிவரும், ஸ்டெம் செல்களை எலும்புச் செல்லாக மாறத் தூண்டுவதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கனிமன்:
சரிதான், ஆனால் தட்டில் வளர்த்த செல் வேறு, தாடை வேறு. ரத்தக் குழாய் நுழையாவிட்டால் எந்தக் கனிமமும் உதவாது, அதற்கு நூறு மைக்ரானுக்கு (0.1 மில்லிமீட்டர்) மேல், முடிந்தால் முந்நூறு மைக்ரான் துளைகள் வேண்டும். நானோ துகளைத் தனித் தூளாக அடைத்தால் அந்த இடைவெளியே இருக்காது.

நிலா_கேள்வி:
அப்படியானால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, சுட்டதா சுடாததா, துளை எவ்வளவு, கரைய எத்தனை மாதம். நாளையே கேட்கிறேன்.

கனிமன்:
அம்மா புகைபிடிப்பவரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.