ப்ரீஆம்ப் பெட்டி இல்லாவிட்டால் ஸ்டீல் கிதார் போர்வைக்குள் பாடுமாம்!

கம்பிக்காரன்:
பக்கத்து இழையில் நம் சாலிடர்வாசம் ஒரு புதுப் பையனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். ஸ்டீலுக்கும் (படுக்கவைத்து, கம்பிமேல் பார் என்ற உலோக உருளையை நகர்த்தி வாசிக்கும் கிதார்) வால்யூம் பெடலுக்கும் (காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பலகை) நடுவே ப்ரீஆம்ப் பெட்டி (ஆம்பிளிஃபயருக்கு, அதாவது ஆம்புக்கு, முன்பே ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் வாசிப்பது போர்வைக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரியாம். பெடலைப் பாதி இறக்கினாலே ட்ரெபிள் செத்துவிடுமாம். அந்தப் பையன் இன்னும் பாரை நேராகப் பிடிக்கவே பழகவில்லை, பெடலை மிதித்தால் முட்டி, சுருதி மாற்றும் லீவரில் இடிக்கிறது என்று அவனே எழுதியிருக்கிறான். அவனுக்கு முதல் தேவை பெட்டியா?

பதினான்கு வருடமாக ஈ9 (பத்துக் கம்பி ஸ்டீலின் ஒரு சுருதி அமைப்பு) வாசிக்கிறேன். ஸ்டீல், பெடல், ஆம்ப், இரண்டு கேபிள், அவ்வளவுதான். பாதிப் பெடலில் எனக்கு எதுவும் செத்ததில்லை. வலது கையை பிரிட்ஜ் (கம்பி உட்காரும் முனை) பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்திப் பாருங்கள், அதில் வருகிற பளபளப்பை எந்தப் பெட்டியும் தராது.

சாலிடர்வாசம்:
பெயர் சொல்லித் திட்டியதற்கு நன்றி, முன்பெல்லாம் ஜாடையாகத்தான் திட்டுவீர்கள். சரி, கணக்குக்கு வருவோம். பெடலுக்குள் இருப்பது 500 கிலோ ஓம் பாட், அதாவது திருப்பினால் மாறும் மின்தடை. அதன் நடுவில் நின்றால் மேலே 250, கீழே 250, ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் 125 கிலோ ஓம். அதற்கப்புறம் 6 மீட்டர் கேபிள். மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் என்று வைத்தால் மொத்தம் 600. கணக்குப் போட்டால் 2100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் காலி, அதற்கு மேலே சரிவுதான். ஸ்டீலின் கூர்மை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இது என் கருத்து இல்லை, மின்சாரத்தின் கருத்து.

கம்பிக்காரன்:
மின்சாரம் உங்களிடம் மட்டும் தனியாகப் பேசும் போலிருக்கிறது. எனக்குக் காது இருக்கிறது, அதில் கேட்கவில்லை.

புதுமுகம்:
அந்தப் பையன் நான்தான். ஒரு சந்தேகம். ப்ரீஆம்ப் என்று நீங்கள் சொல்வது சும்மா கடத்திவிடும் பஃபரையா, அல்லது பாஸ், மிட், ட்ரெபிள் திருகு வைத்த முழுப் பெட்டியையா? இரண்டும் ஒன்றுதானா?

சாலிடர்வாசம்:
2100 என்பது காதுக்குக் கேட்காத எண் இல்லை, கம்பிக்காரன். கேட்க விருப்பம் இருக்க வேண்டும்.

இருட்டுமூலை:
எல்லாரும் காதைக் குறை சொல்கிறீர்கள், அதனால் காதைப் பற்றியே சொல்கிறேன். சத்தம் குறைந்தால் நம் காதே சில அலைவரிசைகளைக் குறைத்துத்தான் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். பெடலை இறக்கினால் சத்தம் குறைகிறது, உடனே மங்கலாகத் தோன்றுகிறது. நீங்கள் பாட் மேல் பழி போடுகிறீர்கள். பெட்டி விற்பவனுக்குக் கொண்டாட்டம்.

சாலிடர்வாசம்:
ஆஹா, 1933. அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தீர்களா, பெயரை மட்டும் பார்த்தீர்களா? சத்தம் குறையும்போது காது அதிகம் இழப்பது பாஸை. அப்படியானால் பெடலை இறக்கும்போது ஒலி மெலிந்து போக வேண்டும், மங்கக் கூடாது. மங்குகிறது என்றால் காரணம் 125 கிலோ ஓம். உங்கள் சாட்சி எனக்குத்தான் சாட்சி சொல்கிறார்.

இருட்டுமூலை:
அப்படியா, இதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் 2100 எங்கிருந்து வருகிறது? பெடலுக்குப் பிறகு வரும் கேபிளிலிருந்து. உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது? பெடலுக்கு முன்னால். முன்னால் வைத்த பஃபர் பிக்கப்பைத்தான் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பை) காப்பாற்றும். பாட்டின் நடுவில் அதே 125 அப்படியே உட்கார்ந்திருக்கும், அதே 6 மீட்டர் அதே ட்ரெபிளைத் தின்னும். கால் வலிக்குக் கையில் கட்டுப் போட்ட கதை.

கம்பிக்காரன்:
😂😂 இதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன்.

சாலிடர்வாசம்:
என் பெட்டியில் இரண்டு பக்கமும் உண்டு. பெடலுக்குப் போகும் துளை, பெடலிலிருந்து திரும்பி வரும் துளை, இரண்டிலும் பஃபர். பெடல் அரை மீட்டர் கேபிளைத்தான் பார்க்கும். "முன்னால்" என்று எழுதினேன், "பின்னால் இல்லை" என்று எங்கே எழுதினேன்?

இருட்டுமூலை:
"ஸ்டீலுக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவே" என்பதற்குத் தமிழில் வேறு அர்த்தம் இருக்கிறதா?

சாலிடர்வாசம்:
தமிழ் வகுப்பு நடத்தும் இடம் வேறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: பாதிப் பெடலில் 2100, ஆமாவா இல்லையா?

பத்துக்கம்பி:
இல்லை. காலின் பாதி வேறு, பாட்டின் பாதி வேறு. பெடலில் பெரும்பாலும் போடுவது லாக் பாட், முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் ரகம். கால் பாதித் தூரத்தில் இருக்கும்போது பாட் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். கீழே 50, மேலே 450. இரண்டையும் இணையாக எடுத்தால் 45 கிலோ ஓம். அதே 600 பைக்கோஃபாரட்டுக்கு 5900 ஹெர்ட்ஸ் வருகிறது. பதினைந்து அங்குல ஸ்பீக்கரில் அந்த உயரத்தில் கேட்க என்ன இருக்கிறது? கேபிள் 3 மீட்டர் என்றால் அந்தக் கவலையும் இல்லை. சாலிடர்வாசம் அண்ணன் கணக்கைச் சரியாகப் போட்டார், காலை மட்டும் தப்பான இடத்தில் வைத்துவிட்டார்.

கம்பிக்காரன்:
பத்துக்கம்பி, எங்கே இருந்தீர்கள் இவ்வளவு நாள்?

சாலிடர்வாசம்:
மேடையில் யாராவது பத்து சதவீதத்தில் வாசிப்பார்களா? அங்கே 20 டெசிபல் குறைந்துவிடும், டிரம்ஸ் அடிப்பவருக்குக்கூடக் கேட்காது. வாசிக்கிறவன் கால் நிற்பது மேல் பகுதியில். மீட்டும்போது கொஞ்சம் இறக்கி, நாதம் தேயத் தேய ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கொஞ்சம் என்பதுதான் 6 டெசிபல். 6 டெசிபல் குறையும் இடம்தான் பாட்டின் சரிபாதி. சரிபாதி என்றால் 125. 125 என்றால் 2100. எத்தனை தடவை சொல்வது?

பத்துக்கம்பி:
"பாதிப் பெடல்" என்று நீங்கள்தான் தொடங்கினீர்கள். இப்போது "மேல் பகுதி" என்கிறீர்கள். பெடல் நகர்கிறதோ இல்லையோ, நீங்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறீர்கள்.

சாலிடர்வாசம்:
பாட்டின் பாதியைத்தான் பாதிப் பெடல் என்றேன்.

பத்துக்கம்பி:
பெடல் என்றால் கால் வைக்கும் பலகை. பாட் என்றால் உள்ளே இருக்கிற உருளை. இரண்டுக்கும் நடுவே நைலான் நூல் இருக்கிறது.

கம்பிக்காரன்:
நூல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கச்சேரியில் என் பெடலின் நூல் அறுந்து, ஸ்பிரிங் டப் என்று பின்வாங்கி, பாட் முக்கால் திறந்த நிலையில் நின்றுவிட்டது. மிச்ச மூன்று பாடலையும் கையாலேயே சமாளித்தேன், உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி அடக்கி. யாரும் வந்து "ட்ரெபிள் செத்துவிட்டது" என்று சொல்லவில்லை. ஒருவர் வந்து இன்றைக்குத் தெளிவாக இருந்தது என்றார், அது வேறு விஷயம்.

சாலிடர்வாசம்:
உங்கள் பாட் நகராமல் முக்கால் திறந்து நின்ற அன்றைக்கு ஒலி தெளிவாக இருந்ததா? இதை நான் ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறேன்.

கம்பிக்காரன்:
முக்கால் என்றால் உங்கள் 125-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சாலிடர்வாசம்:
94 கிலோ ஓம். அதுவும் மங்கல்தான், பாதியைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

கம்பிக்காரன்:
தெளிவாக இருந்தது என்று கேட்டவர் சொல்கிறார், மங்கல் என்று கேட்காதவர் சொல்கிறார்.

வறுசட்டி32:
நடுவில் வருகிறேன். 1932-ல் ரிக்கன்பேக்கரின் வறுசட்டி வடிவ மின் கிதார் கடைக்கு வந்தபோது ப்ரீஆம்ப் பெட்டி ஏது? குதிரைலாடக் காந்தம், அதற்குள் கம்பி, நேராக ஆம்ப். அந்தக் காலத்து மடி ஸ்டீல் (மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல்) ரெக்கார்டுகளைக் கேட்டுப் பாருங்கள், தேன் சொட்டும். அந்தப் பெரியவர்களைவிட நமக்கு அதிகம் தெரியுமா?

சாலிடர்வாசம்:
அவர்கள் ஆம்பின் முதல் வால்வே ப்ரீஆம்ப்தான் சார். எந்த ஆம்பைத் திறந்தாலும் முதலில் இருப்பது அதுதான். ப்ரீஆம்ப் இல்லாமல் வாசித்தார்கள் என்பது கழுத்து இல்லாமல் பாடினார்கள் என்பது மாதிரி.

புதுமுகம்:
அப்படியானால் என் ஆம்பிலும் ப்ரீஆம்ப் இருக்கிறதா? இன்னொன்று எதற்கு வாங்க வேண்டும்? பஃபரும் ப்ரீஆம்பும் ஒன்றா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இருட்டுமூலை:
வால்வு என்றதும் சொல்லியாக வேண்டும். நம் சாலிடர்வாசம் போன வருடம் ஒரு வால்வுப் பெட்டியைத் தலையில் வைத்து ஆடினாரே, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் 12ஏஎக்ஸ்7 வால்வு. முறையான ஆம்பில் அந்த வால்வின் பிளேட்டுக்கு 200 வோல்ட் பக்கம் போகும். 12 வோல்ட்டில் அது பட்டினி கிடக்கிறது. ஆரஞ்சாக ஒளிர்கிறது என்று புகைப்படம் வேறு போட்டார். கண்ணாடிக்கு அடியில் எல்ஈடி இருந்ததை நானும் பார்த்தேன்.

சாலிடர்வாசம்:
பட்டினி வால்வும் வால்வுதான், அதன் கரகரப்பு வேறு ரகம். எல்ஈடி அழகுக்கு. நீங்கள் முகத்துக்கு பவுடர் போடுவதில்லையா?

கம்பிக்காரன்:
அந்தப் பெட்டியைத்தானே பிறகு என் தலையில் கட்டினீர்கள்! போட்ட அன்றே ஊமென்று இரைச்சல். கேட்டதற்கு "உங்கள் வீட்டு எர்த் சரியில்லை" என்றீர்கள். எர்த்தைப் பார்த்தாயிற்று, கேபிளை மாற்றியாயிற்று, இரைச்சல் போகவில்லை. சர்க்யூட் வரைபடம் அனுப்புகிறேன் என்றீர்களே, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்த மனிதர்தான் புதுப் பையனுக்குப் பெட்டி வாங்கச் சொல்கிறார்.

சாலிடர்வாசம்:
ஓ, அதுதான் விஷயமா. 2100 பற்றிய கோபம் இல்லை, பழைய பாக்கி. வரைபடம் என்னிடமே இல்லை, நான் அதை வாங்கியதே கைமாற்றில். ஆனால் இரைச்சலுக்கும் 2100-க்கும் சம்பந்தம் இல்லை. அந்த இரைச்சல் 50 ஹெர்ட்ஸ்.

பத்துக்கம்பி:
சண்டை போதும், சோதனைக்கு வாருங்கள். நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். நாலாம் கம்பி, 12-ஆம் ஃபிரெட், பார் அசையாமல், பிக்கை ஒரே இடத்தில் வைத்து. முதலில் பெடல் முழுத் திறப்பு. அப்புறம் 6 டெசிபல் குறைத்து, ரெக்கார்டிங்கில் சத்தத்தைச் சமமாக ஏற்றினேன். பஃபர் இல்லாமல் ஒரு தடவை, டிஎல்072 சிப் போட்டு நானே மிட்டாய் டப்பாவில் கட்டிய பஃபரைப் பெடலுக்குப் பின்னால் வைத்து ஒரு தடவை. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது பிக் உரசும் அந்த முதல் ஒலியில்தான், நாதத்தில் இல்லை. வால்பகுதி இரண்டிலும் மங்கல்தான், கம்பியிலேயே மேல்சுரங்கள் முதலில் சாகின்றனவே. நாம் பெடலை ஏற்றி அந்தச் செத்த வாலைத்தான் பெரிதாக்குகிறோம், பிறகு பாட்டைத் திட்டுகிறோம்.

சாலிடர்வாசம்:
வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

கம்பிக்காரன்:
நாதத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பத்துக்கம்பி:
நான் இரண்டு பேருக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

இருட்டுமூலை:
பீவி நாஷ்வில் 400 ஆம்ப் வைத்திருக்கும் பலர் ஸ்டீலை நேராக ஆம்பில் சொருகிவிட்டு, பெடலை ஆம்பின் பேட்ச் துளையில் (ஆம்பின் ப்ரீஆம்புக்குப் பிறகு வரும் இணைப்பில்) போடுகிறார்கள். பிக்கப்புக்கு எப்போதும் ஒரே பாரம், பெடல் எங்கே நின்றாலும் அதற்குத் தெரியாது. பெட்டியும் வேண்டாம், பட்டினி வால்வும் வேண்டாம். தொனி கனமாக இருந்தால் மிட் திருகை 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் கொஞ்சம் குறைத்தால் முடிந்தது.

சாலிடர்வாசம்:
அப்போது பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஆம்பின் ப்ரீஆம்ப்! நான் முதல் பதிவில் சொன்னதைத்தான் சுற்றிச் சுற்றி வந்து சொல்கிறீர்கள்.

இருட்டுமூலை:
நீங்கள் பெட்டி வாங்கச் சொன்னீர்கள்.

சாலிடர்வாசம்:
ஆம்பும் ஒரு பெட்டிதான்.

வறுசட்டி32:
இதைத்தான் பெரியவர்கள் பெட்டி இல்லாமலே செய்தார்கள்.

புதுமுகம்:
எனக்கு இருப்பது சின்ன ஆம்ப், அதில் பேட்ச் துளை இல்லை. பெடலிலிருந்து ஆம்புக்கு 3 மீட்டர் கேபிள். நான் பஃபர் வாங்கவா, ப்ரீஆம்ப் வாங்கவா, இரண்டும் ஒன்றா?

கம்பிக்காரன்:
தம்பி, பார் வாங்கு. முக்கால் அங்குலப் பாரில் பத்துக் கம்பி வாசிக்கிறாய் என்று படத்திலேயே தெரிகிறது. கை நிற்காமல் போவதற்கு அதுதான் காரணம். முக்காலே அரைக்கால் அங்குலம் வாங்கு, கனமாக இருக்கும், நாதம் நீளும்.

சாலிடர்வாசம்:
3 மீட்டர் என்றால் 300 பைக்கோஃபாரட், பாட்டின் பாதியில் 4200. உனக்குத் தப்பித்தது. ஆனால் பெரிய மேடைக்கு 6 மீட்டர் கேபிளோடு போகும் அன்றைக்கு என்னைத்தான் தேடி வருவாய், அன்றைக்குப் பாதிப் பெடலில்

பத்துக்கம்பி:
பாட்டின் பாதியில்.

சாலிடர்வாசம்:
பாதிப் பெடலில் 2100.

கம்பிக்காரன்:
முதலில் என் பெட்டிக்கு வரைபடம்.