இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு (80கள்ல வந்த வீட்டு கம்ப்யூட்டர்) வேற கீபோர்டு மாட்டின கதை, உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

ரப்பர்கீ:
கீக்கு அடில இருக்கற மெம்பரேன் ஷீட்டோட ரிப்பன் காஞ்சு ஒடிஞ்சிருச்சு, எல்லாருக்கும் நடக்கறதுதான். காயலான் கடைல ஒரு பழைய பில்லிங் டெர்மினல் கீபோர்ட எடைக்கு வாங்கி, போர்டுல இருந்த செம்பு டிராக்கெல்லாம் பிளேடால வெட்டி, ஸ்பெக்ட்ரம் கேக்கற மாதிரி 40 கீயையும் 8க்கு 5 மேட்ரிக்ஸா (குறுக்கும் நெடுக்குமா கட்டம்) ஒயர் இழுத்து சால்டர் பண்ணேன், மூணு ராத்திரி. ஸ்பெக்ட்ரத்துல ஒரு கீ தட்டினா ஒரு முழு பேசிக் கட்டளையே வரும்; ஆன் பண்ணி ஜே அழுத்தறேன், லோட் வரணும்ல, எல்லுக்கு வர வேண்டிய லெட் வருது! எல் அழுத்துனா லோட். கே மட்டும் ஒழுங்கா லிஸ்ட். ஒயர் மாறிடுச்சுன்னு ரெண்டு நாள் மல்டிமீட்டரோட உக்காந்தேன், எங்கயும் கட் இல்ல ஷார்ட் இல்ல. அப்புறம்தான் உறைச்சுது, வலது பாதில அஞ்சு டேட்டா லைன்ல முதலாவதான டி0 வெளி ஓரத்துல ஆரம்பிச்சு மத்தது உள்ள வரணும், நான் இடமிருந்து வலமா போட்டு பாதி கீபோர்டயே கண்ணாடில தெரியற மாதிரி திருப்பிட்டேன். கே அந்த அஞ்சு கீ வரிசைக்கு நடுவுல இருக்கறதால தப்பிச்சுது. அந்த லெட் இன்னும் கண்ணுலயே நிக்குது.

டேப்செல்வன்:
எனக்கு அவ்ளோ தூரம்கூட போகல. நான் வாங்கின பழைய கீபோர்டுல கீகேப்ப எடுத்து ஸ்விட்ச பிரிச்சா உள்ள கான்டாக்டே இல்ல, ஸ்பாஞ்சும் அடில ஒரு பாயில் வட்டமும்தான், கெபாசிட்டிவ் டைப், அதாவது ஒட்டி கரண்ட் போகாது, கெபாசிட்டன்ஸ் மாறறத வச்சுதான் கீய கண்டுபிடிக்கும். அத ஸ்பெக்ட்ரம் நேரா படிக்காது. விரல் பட்ட இடமெல்லாம் ஸ்பாஞ்சு மாவா உதிர்ந்துச்சு, அப்படியே மூடி வச்சுட்டேன்.

பழையசிப்:
ரப்பர்கீ தம்பி, டிராக்க வெட்டினது எனக்கு ஒப்பல. அந்த டெர்மினல் கீபோர்டும் பழசுதான, அதுக்கும் ஆள் தேடிட்டு இருப்பாங்க. போர்ட தொடாம ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (குட்டி கம்ப்யூட்டர் சிப்) வச்சு கீய படிச்சு, எந்த லைனையும் எந்த லைனோடயும் இணைக்கற எம்டி8816 கிராஸ்பாயின்ட் சிப் வழியா கம்ப்யூட்டர் பக்கம் லைன சேத்து விடலாம், கழட்டினா ரெண்டும் பழையபடி இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்விட்சயாவது மல்டிமீட்டர்ல வச்சு அழுத்திப் பாருங்க, பீப் கேக்கலன்னா டேப்செல்வன் கதைதான். அதே காலத்து இன்னொரு வீட்டு கம்ப்யூட்டர் கமடோர் 64க்கு பண்றவங்களுக்கு இன்னொன்னு: ரெஸ்டோர் கீ 8க்கு 8 மேட்ரிக்ஸ்ல கிடையாது, தனி லைன்ல போய் என்எம்ஐய (பிராசஸர் தள்ளிப்போட முடியாத குறுக்கீடு) தட்டும். நான் அத மேட்ரிக்ஸ்ல சேத்துட்டு புரோகிராம நிறுத்த ரன்ஸ்டாப் கீயோட சேத்து அழுத்திட்டே இருந்தேன், அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.

ரப்பர்கீ:
அண்ணே, நல்ல போர்டா இருந்தா நானும் கை வச்சிருக்க மாட்டேன். கடைக்காரர் கன்ட்ரோலர் சிப்ப ஏற்கனவே பிடுங்கியிருந்தாரு, பாதி டிராக் அதோடயே கிழிஞ்சு வந்திருந்துச்சு. ஸ்விட்சு மட்டும்தான் உயிரோட இருந்துச்சு, அத காப்பாத்தினேன்.