மறு: ஆதிமூலம் படக்கூடம் – லேமினேஷனுக்கு என் பங்கு கிடையாது

செயலாளர் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஓவியர் ஆதிமூலத்துக்கு நம்ம சங்கம் வைக்கப்போகிற படக்கூடத்துக்கு வந்த கொட்டேஷனைப் பார்த்தேன். மார்பளவுச் சிலைக்கு இரண்டு லட்சம், படங்களுக்கு நாற்பதாயிரம். அதுவும் பிளெக்ஸில் அடித்து, லேமினேஷன் போட்டு! கீராம்பூரில் பிறந்து கோட்டோவியத்தால் பேர் வாங்கினவருக்கு நம்ம பக்கத்தில் ஒரு கூடம் வைத்து, அதில் கோடு தெரியாவிட்டால் எதற்கு?

1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்தவை கறுப்பு மைக் கோடுகள். கோட்டின் மேல் கோடு ஏறித்தான் நிழலே விழும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணினால் அந்தப் பின்னல் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். 600க்குக் குறையக் கூடாது. கிரேஸ்கேலில் (கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களில்) எடுத்து, சுருக்காத டிஃப் கோப்பாக வைக்கணும். ஜேபெக்கில் கோப்பைச் சுருக்கினால் கோட்டோரம் பிசிறும்.

அச்சுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம், பிக்மென்ட் (நிறமித்துகள்) மை. டை (கரைசல் சாய) மை சீக்கிரம் வெளுக்கும். கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை வேண்டும். பின்னால் பிளைவுட் வேண்டாம், காகிதம் பழுப்பேறும். சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி மாட்டணும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் இழுத்தால் பூஞ்சை முதலில் பிடிப்பது முதுகுப்பக்கம்தான். லேமினேஷனுக்குள் பூஞ்சை பிடித்தால் பிரிக்கவே வழியில்லை.

காந்தியோடு நிறுத்திவிடாதீர்கள். மகாராஜாக்களை அவர் வரைந்த மகாராஜா வரிசை இருக்கிறது. பத்திரிகைகளுக்கு அவர் கையால் எழுதித்தந்த தலைப்பெழுத்துக்கு நான் தனிச் சுவரே கேட்பேன். ஓவியம் என்றாலே தள்ளி நிற்கிறவரும் அதை அடையாளம் கண்டுகொள்வார். எண்ணெய் வண்ணத்தில் உருவமில்லாமல் வரைந்த அருவப் படங்களை மட்டும் பிரதியெடுக்க வேண்டாம், வண்ணத்தின் தடிப்பு அச்சில் வராது. காப்பீட்டோடு ஓர் அசலை இரவல் கேட்டுப் பார்க்கலாம்.

படங்களை நெட்டில் இறக்கிக்கலாம் என்று எழுதின மச்சானுக்கு: ஆதிமூலம் மறைந்தது 2008இல். பதிப்புரிமை மறைவுக்குப் பின் 60 ஆண்டு, 2068 முடியும்வரை ஓடும். குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஒரு பிரதிகூட அடிக்கக் கூடாது.

*

(இதற்குச் சங்கத்தில் இன்னொருவர் எழுதின பதில்) தம்பி சொல்வது சரி. ஸ்கேன், காகிதம், படச்சட்டம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் தனித்தனி பில் வேண்டும். மொத்தமாக ஒரு தொகை போட்டு வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். பீரோ வாங்கின ரசீதே இன்னும் வரவில்லை. சிலை யாருடைய மாமனார் ஆசை என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சங்கக் கணக்கில் ஏற்றாதீங்க.