புதுப்பிப்பு: நேராகப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும் ஹேண்டில் பார்

போன மாதம் எழுதியிருந்தேன்: என் பழைய சைக்கிளின் ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல மாட்டிக்கொள்கிறது, கையை விட்டால் வண்டி அலைகிறது. நண்பர்கள் சொன்னபடி முதலில் ஹேண்டில் திரும்பும் இடத்திலிருந்த கூண்டு பேரிங்கை (வளையத்தில் கோத்த குண்டுகள்) எடுத்துவிட்டு, 5/32 அங்குலத் தனி பால்ஸ் (வளையமில்லாத குண்டுகள்) போட்டேன். பழைய குண்டுகள் பதிந்த பள்ளத்தில் புது பால்ஸ் அப்படியே உட்காராது என்பதுதான் அந்த யோசனை. இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. வேளச்சேரியில் தேங்கிய மழைத் தண்ணீரில் ஓட்டியபின் பழையபடி ஆகிவிட்டது.

சரி, முழு ஹெட்செட்டையே (ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேர்ந்து திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மாற்றிவிட்டேன். கழற்றிப் பார்த்தால் கீழ் ரேஸில் (பால்ஸ் உருளும் வளையம்) வரிசையாகக் குழிகள். கிரீஸ் வறண்டு துருத்தூளாகக் கிடந்தது. சாலையின் அதிர்வு முழுவதும் கீழே இறங்குவதால் அடிவாங்குவது பெரும்பாலும் அந்த ரேஸ்தான்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அளந்துகொண்டு போங்கள். 1 அங்குல ஹெட்செட் என்றாலும் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) உட்காரும் ரேஸ் 26.4 மி.மீ., 27.0 மி.மீ. என இரண்டு அளவில் வருகிறது. பாரிமுனைப் பக்கம் முதல் தடவை வாங்கியது எனக்குப் பொருந்தவில்லை. திரும்பப் போய் மாற்றினேன், அரை நாள் போனது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

அப்புறம் இறுக்கம். ஹெட்செட்டின் உச்சியில் பூட்டும் லாக் நட்டை முடுக்கும்போது அதற்குக் கீழே உள்ள மேல் கப்பும் கொஞ்சம் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் கப்பைப் பிடிக்க ஒன்று, நட்டை முடுக்க ஒன்று என இரண்டு ஸ்பேனர் வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன், ஆட்டம் இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகத் திரும்புகிறது. நேற்றுக் காலை பெசன்ட் நகர் வரை போய்வந்தேன், கை வலிக்கவே இல்லை.